பாகூர் வித்தியாஸ்தானம்

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் (9ஆம் நூற்றாண்டு) வாகூரில் இயங்கிய உயர்கல்வி நிலையம். வாகூர் இன்றைய புதுச்சேரியின் பாகூர். மன்னனின் 8ஆம் ஆட்சியாண்டில் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களின் வருவாய் இதற்கு 'வித்யாபோக'மாக (கல்விக்கான மானியமாக) விடப்பட்டது. இந்தக் கொடையை மன்னனிடம் வேண்டிக்கொண்டவர் நிலைதாங்கி என்ற சிற்றரசர். ஐந்து ஏடுகள் கொண்ட பாகூர்ச் செப்பேடு இதைச் சொல்கிறது. வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் கலந்த அந்தச் சாசனத்தில் ஓர் அழகான இடம் உண்டு: சிவன் சடையில் கங்கை தங்கியதுபோல, கல்வி என்னும் ஆறு திசையெல்லாம் நிறைத்துவிட்டு வாகூரார் இருக்கையில் வந்து தங்கியதாம். கொடைப் பத்திரத்துக்கு இது சற்று அதிகம்தான்!

இங்கே ஊராருக்குச் சொற்பொழிவு நடந்ததா என்பதைச் செப்பேடு பேசவில்லை. ஆனால் பொது மண்டபத்தில் பாரதம் வாசிக்க நிவந்தம் விடும் வழக்கம் பல்லவ நாட்டில் முன்பே இருந்தது. 7ஆம் நூற்றாண்டின் கூரம் செப்பேடு அதற்குச் சான்று. வில்லியனூரை அடுத்த திருபுவனையில் இருந்த இன்னொரு கல்வி நிலையத்தைப் பற்றிச் சோழ மன்னன் முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டுக் (1048) கல்வெட்டு இன்னும் விரிவாகச் சொல்கிறது. 260 மாணவர், 12 ஆசிரியர். வேதம், இலக்கணத்தோடு பாரதமும் இராமாயணமும் பாடம். இவர்களுக்கு ஊர் வாரியப் பணியிலிருந்து விலக்கும் தரப்பட்டது.