சித்தன்னவாசல் ஓவியங்கள்

பண்டை இந்தியாவின் குகை ஓவியம் என்றதும் எவரும் அஜந்தாவையே நினைப்பர். தமிழகத்திலும் அத்தகைய கலைச் செல்வம் உண்டு. புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் என்னும் குன்று இருக்கிறது. அதைக் குடைந்து சமணர் அமைத்ததே அறிவர் கோயில்.

இக்கோயிலின் ஓவியங்களை 1920ஆம் ஆண்டளவில் உலகறியச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய். 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவை இவை என்பது அவர் கருத்து. ஆனால் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு வேறு செய்தி கூறுகிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்னும் சமணப் பெரியார் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார் என்பதே அது. ஆதலின் இன்று நாம் காணும் ஓவியங்கள் பாண்டியர் காலத்தவை என்றே அறிஞர் பலரும் கொள்வர்.

விதானத்திலே ஒரு தாமரைக் குளம். மலரும் மொட்டும் இலையும் நெருங்கிக் கிடக்க, இடையே மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் திளைக்கின்றன. மூவர் குளத்தில் இறங்கி மலர் கொய்கின்றனர். வெறும் இயற்கைக் காட்சியன்று இது. தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்லும் அடியார் கடந்து செல்லும் குளம் என்று சமண நூல்வழி விளக்குவர். தூண்களின் மேற்பகுதியில் ஆடல் மகளிர் இருவரும், அரசன் அரசியெனக் கருதப்படுவோரும் தீட்டப்பட்டுள்ளனர்.

வண்ணங்கள் மூலிகைச் சாறு என்று மக்கள் சொல்வதுண்டு. வேதியல் ஆய்வு கண்டவையோ சுண்ணாம்பு, கரி, மஞ்சட்காவி, செங்காவி முதலியன. சாந்து பூசிய பாறையில் கனிம வண்ணம் தீட்டியமையால் அன்றோ ஆயிரம் ஆண்டு கடந்தும் நிறம் நின்றது!

ஆயினும் கோயில் முழுதும் இருந்த ஓவியங்களுள் எஞ்சியவை விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலுமே. அவை கைக்கு எட்டாதவை என்பதை நோக்குக. காலம் தின்றது ஒரு பங்கு. மனிதக் கை அழித்தது மற்றொரு பங்கு. இலங்கைச் சிகிரியாவில் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்மீது 1967இல் சிலர் சாயம் பூசிச் சிதைத்ததும் இத்தகைய செயலே.

பந்திங் வட்டாரத் தோட்டப் பள்ளியில் சுவரில் கிறுக்கும் சிறுவனிடம் இக்கதையைச் சொல்வது என் வழக்கம். கோயிலைப் புதுப்பித்தவரைக் கல்வெட்டு நினைவில் வைத்திருக்கிறது. ஓவியத்தைக் கீறியவர் பெயரை யார் அறிவார்?