சுவர் சொல்லும் சாட்சி

வென்ற வேந்தன் கல்வெட்டுப் பொறித்தான். பொற்கிழி பெற்ற புலவன் புகழ் பாடினான். வரலாறு என நாம் கற்றதில் பெரும்பகுதி அவ்விருவர் தந்த வாக்குமூலமே. பெயரற்றவன் எழுதவே இல்லையா? எழுதியிருக்கிறான், தோழர்களே! இங்கிலாந்திலே, ஹெர்ட்ஃபோர்டுஷயர் வட்டாரத்திலே, ஆஷ்வெல் என்னும் சிற்றூரின் தூய மேரி மாதாகோயில் சுவரிலே எழுதியிருக்கிறான்.

பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம் அது. மேற்கே 176 அடி உயரக் கோபுரம்; உச்சியில் எண்கோண மாடம்; அதன்மேல் ஊசிமுனை. உள்ளே வளைவுகளைத் தாங்கி நிற்கும் தூண்வரிசை. சுண்ணப் பாறையில் வெட்டியெடுத்த மென்கல்லால் ஆனது. வானளாவும் கோபுரத்தைத் தாங்கும் அதே கல், ஆணிமுனைக்கும் இடங்கொடுத்தது! ஏழைக்கு அதுவே ஏடாயிற்று. மூலைகள் சரியாக இணையவில்லை எனச் சலித்து, காறித் துப்புவதாகத் தூணிலே கீறியிருக்கிறான் ஒருவன். வேலை அறிந்தவனின் கோபமன்றோ அது!

1348-இல் 'கறுப்புச் சாவு' எனும் கொள்ளைநோய் இங்கிலாந்தில் கால்வைத்தது. மூன்றிலொரு பங்கு மக்களுக்குக் குறையாமல் வாரிச்சென்றது. மணிகள் ஒலித்தன, மன்றாட்டுகள் எழுந்தன, நோயோ நிற்கவில்லை. ஆண்டியை அழித்த நோய் ஆயரை விட்டதா? காண்டர்பரிப் பேராயர் தாமஸ் பிராட்வர்டைனே 1349-இல் அதற்கு இரையானார்!

ஆஷ்வெல் கோபுரத்தின் உட்புற வடசுவரில், இலத்தீன் மொழியில் ஒரு கை கீறிவைத்தது: 1350 இரங்கத்தக்க ஆண்டு, கொடிய ஆண்டு, சாட்சி கூற எஞ்சியோர் கீழ்மக்களே என்பது அதன் கருத்து. 1361 எனக் குறித்து, ஒரு பெரும்புயலும் அங்கே பதிவாகியுள்ளது. இக்கால ஆண்டுக் கணக்கில் அது 1362 சனவரி.

கீழ்மக்களாம்! அவர்கள் செய்ததென்ன? உழைக்கும் கைகள் குறைந்தன. உழைப்பின் விலை உயர்ந்தது. கூடுதல் கூலி கேட்டனர். நோய்க்கு முந்திய கூலியே போதுமென 1351-இல் சட்டம் தடுத்தது. 1381-இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி வீழ்ந்தது, ஆயினும் பண்ணையடிமை முறை பின்னர் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தது.

நோயின் காரணம்? அதை 1894-இல், ஹாங்காங்கில், நுண்ணோக்கியின் வழியே கண்டார் அலெக்சாந்தர் யெர்சின். சாபமன்று, சினமன்று, கிருமி! மண்டியிட்டோர் ஐந்நூறாண்டுக்கு மேல் கேட்ட கேள்விக்கு, ஆராய்ந்தவன் விடை தந்தான்.

கோபுரத்தை அண்ணாந்து வியப்போம். கட்டிய கைகளை வாழ்த்துவோம். ஆனால் அடிச்சுவரையும் படிப்போம். மக்களின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது!