ஃபோர்டு 8என் டிராக்டரின் எஞ்சின் சீரமைப்பு

ஃபோர்டு 8என் எஞ்சின் சீரமைப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை உற்பத்தி செய்யப்பட்ட ஃபோர்டு 8என் பண்ணை டிராக்டரின் எரிபற்றல் அமைப்பையும் எரிபொருள் அமைப்பையும் தூய்மை செய்து, அவற்றை உரிய அளவுகளுக்குக் கொண்டுவரும் பராமரிப்புப் பணியாகும். இவ்வகை டிராக்டர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயின. அவற்றுள் பல இன்றும் இயங்கு நிலையில் உள்ளன.

எஞ்சினின் அமைப்பு

இது நான்கு உருளைகள் கொண்ட பெட்ரோல் எஞ்சின். கொள்ளளவு 119.7 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.96 லிட்டர். வால்வுகள் உருளைகளின் பக்கவாட்டில் அமைந்துள்ளன. உருளைகள் 1-2-4-3 என்ற வரிசையில் எரிபற்றுகின்றன. மின்கலம் 6 வோல்ட்டு. இன்றைய ஊர்திகளுக்கு மாறாக, அதன் நேர்முனையே டிராக்டரின் உடலோடு இணைக்கப்பட்டது. பெட்ரோல், பம்பு ஏதுமின்றி, தொட்டியிலிருந்து புவியீர்ப்பினால் கார்புரேட்டருக்கு இறங்குகிறது.

அழுத்தச் சோதனை

முதலில் நான்கு உருளைகளின் அழுத்தத்தையும் அளப்பது நல்லது. ஓர் உருளையில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அதனுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன எனலாம். உயராவிட்டால் வால்வுகளை ஐயுறலாம். இத்தகைய தேய்மானத்தை எந்தச் சீரமைப்பும் ஈடு செய்யாது.

எரிபற்றல்

கார்புரேட்டரின் குறை எனக் கருதப்படுபவற்றில் பல உண்மையில் எரிபற்றல் குறைகளே. எனவே இதை முதலில் முடித்த பின்னரே கார்புரேட்டரைத் தொட வேண்டும்.

8என் டிராக்டரில் இருவகை டிஸ்ட்ரிபியூட்டர்கள் உண்டு. 1950 இல் வெளிவந்த 263844 ஆம் தொடரெண்ணுக்கு முந்தியவற்றில் அது எஞ்சினின் முன்புறம், விசிறிக்குப் பின்னே உள்ளது. அதன்பின் வந்தவற்றில் பக்கவாட்டில் உள்ளது. பாயிண்டுகளின் இடைவெளி முன்புற வகைக்கு 0.015 அங்குலம் (0.38 மிமீ), பக்கவாட்டு வகைக்கு 0.025 அங்குலம் (0.64 மிமீ). பழுதுபார்ப்போர் இவ்விரு அளவுகளையும் குழப்பிக்கொள்வதுண்டு. இடைவெளி மாறினால் பாயிண்டு திறக்கும் நேரமும் மாறும். ஆகவே இடைவெளியைச் சரிசெய்த பிறகே எரிபற்றல் நேரத்தை அமைக்க வேண்டும்.

முன்புற வகையை அதன் இடத்தில் வைத்தே சரிசெய்வது கடினம். இரண்டு திருகாணிகளைக் கழற்றி அதனை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துச் செய்வதே வழக்கம். தண்டின் முனையிலுள்ள நாக்கு நடுவிலிருந்து விலகி அமைந்திருப்பதால், அது ஒரே நிலையில்தான் பொருந்தும். வலிந்து திருகினால் டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் உடையும். பக்கவாட்டு வகையின் நேரத்தைச் சுழல்சக்கரத்தின் குறிகளைக் கொண்டு, எஞ்சின் ஓடும்போதே அமைக்கலாம்.

ஸ்பார்க் பிளக்குகளின் இடைவெளி 0.025 அங்குலம். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தே விட்டுவிட்டால், பாயிண்டுகள் மூடியிருக்கும் நிலையில் காயில் சூடேறிக் கெடும்.

எரிபொருளும் கார்புரேட்டரும்

தொட்டியின் அடியிலுள்ள வண்டல் கிண்ணத்தையும் சல்லடைகளையும் கழுவ வேண்டும். கார்புரேட்டரின் அடித் திருகைக் கழற்றினால் பெட்ரோல் தடையின்றி ஓடிவர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வழியில் அடைப்பு உண்டு. பெட்ரோல் வெளியே வருவதால் அருகில் தீ இருத்தல் கூடாது. காற்று வடிகட்டியிலுள்ள எண்ணெயையும் மாற்றுவர்.

மார்வெல்-ஷெப்லர் கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் திருகுகள் இரண்டு. இரண்டையும் மெதுவாக மூடி, பின் ஒரு சுற்று திறந்து தொடங்கலாம். அடியிலுள்ள முதன்மைத் திருகு பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. அதை உள்ளே திருகினால் கலவையில் பெட்ரோல் குறையும். மெல்லோட்டத் திருகு காற்றைக் கட்டுப்படுத்துவதால், அதை உள்ளே திருகினால் பெட்ரோலின் விகிதம் கூடும். எஞ்சின் நன்கு சூடான பின், மெல்லோட்டத்தில் அதிர்வு குறையும் வரை இதைத் திருப்ப வேண்டும். பிறகு வேகத்தைச் சட்டெனக் கூட்டும்போது எஞ்சின் தயங்கினால் முதன்மைத் திருகைச் சிறிது திறக்க வேண்டும். கரும்புகை வந்தால் சிறிது மூட வேண்டும். இதற்கான இறுதிச் சோதனை வயலில், கலப்பை மண்ணில் இறங்கி எஞ்சின் பளு ஏற்கும்போதுதான்.