தொண்டைக்காகப் பிறந்த உப்பு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில் இருக்கிறது காஹாங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். வடக்கே எண்டாவ்-ரொம்பின் காடு, அதன் ஓரத்தில் ஜகூன் மக்களின் கம்போங் பெத்தா. மெர்சிங்காரர்களுக்குக் கடல் இருக்கிறது, கடல்மீனோடு அயோடினும் கிடைத்துவிடும். உள்நாட்டுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. ஓயாத மழை மண்ணிலுள்ள அயோடினைக் கரைத்து ஆற்றில் விடும், ஆறு அதைக் கடலுக்கே கொண்டுபோய்விடும். அயோடின் குறைந்தால் வரும் முன்கழுத்துக் கழலை மலாயாவில் பரவியிருந்ததைப் பற்றி மருத்துவர் இவான் போலுனின் 1951இலேயே எழுதியிருக்கிறார்.

இன்று காஹாங் மளிகைக் கடையில் விற்கும் உப்பில் அயோடின் சேர்ந்திருக்கிறது. அந்த உப்பு பிறந்தது ஒரு வெடிமருந்துப் பஞ்சத்தில்.

நெப்போலியன் போர்களின்போது பிரான்சில் வெடியுப்புக்குப் பெரும் தட்டுப்பாடு. பெர்னார் குர்துவா என்பவர் கடல்பாசியை எரித்த சாம்பலை வைத்து அதைத் தயாரித்துவந்தார். 1811இல் ஒருநாள் சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் கொஞ்சம் அதிகமாக விழ, ஊதா நிறப் புகை கிளம்பியது. அதுதான் அயோடின். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கடல்பஞ்சைச் சுட்டுக் கொடுப்பது அங்கே பழைய கைவைத்தியம், அதற்குள் இருக்கும் சரக்கு இதுதான் என்று ஊகித்தார். கழலை சுருங்கியது. ஆனால் அளவு தெரியாமல் ஆளாளுக்கு வாங்கிக் குடித்தார்கள், நெஞ்சு படபடத்தது, மருந்துக்கே கெட்ட பெயர் வந்தது. மருந்தாகக் குடிக்க வேண்டாம், உப்போடு துளியளவு சேருங்கள் என்று 1830களில் பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சொன்னார். தென் அமெரிக்காவில், சில சுரங்கங்களின் உப்பைத் தின்கிற ஊர்களில் மட்டும் கழலை இல்லாததைக் கண்டவர் அவர். அந்த யோசனை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு தூங்கியது. 1922இல் சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் பகுதியில், கழலைகளை அறுத்து அறுத்துச் சலித்த ஹன்ஸ் எகன்பெர்கர் என்ற மருத்துவரின் முயற்சியால் அயோடின் உப்பு கடைக்கு வந்தது.

அதுவரை எல்லோர் கண்ணும் தொண்டையில்தான். கழலை வெளியே தெரியும், கைக்குத் தட்டுப்படும். கழலை மிகுந்த மலையூர்களில் காது கேளாமலும் பேச வராமலும் அறிவு வளராமலும் குழந்தைகள் பிறப்பதை எல்லோரும் பார்த்தார்கள், காரணம் தெரியாமல் தண்ணீரையும் பரம்பரையையும் பழித்தார்கள்.

அயோடின் குறைவுதான் காரணமோ என்ற சந்தேகம் தீர 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பப்புவா நியூகினியின் ஜிமி பள்ளத்தாக்கில் பாரோ, பட்ஃபீல்டு, ஹெட்சல் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசியும் அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். பிறகு பிறந்த குழந்தைகளில், உப்புநீர் பெற்ற பக்கம் 26 பேருக்கு இந்தக் குறைபாடு. அயோடின் பெற்ற பக்கம் 7 பேருக்குத்தான். அந்த 7 பேரில் 6 பேரின் தாய்மார் ஊசி போட்ட நாளிலேயே கருவுற்றிருந்தவர்கள். இந்தக் கதையில் இதைவிடக் கனமான எண் எனக்குத் தெரியவில்லை. குழந்தை வயிற்றில் தங்குவதற்கு முன்பே தாயின் உடலில் அயோடின் இருந்தாக வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

காரணம் இதுதான். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தரும் சுரப்பின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்றோ நான்கோ அயோடின் அணுக்கள் உண்டு. கருவிலிருக்கும் மூளையின் நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்வதும் நரம்புகளுக்கு உறை போர்த்துவதும் அந்தச் சுரப்பை நம்பித்தான். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது, தாய் கொடுப்பதுதான். அப்போது தவறியதைப் பிறகு எத்தனை உப்புப் போட்டாலும் மீட்க முடியாது. இத்தனைக்கும் பெரியவர்களுக்குத் தேவை நாளுக்கு 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுக்கும் கூட்டினால் 4 கிராம் தேறாது.

இந்தியாவிலும் முதலில் கழலையைத்தான் பார்த்தார்கள். மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமி 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கைப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் மற்றவற்றுக்கு அயோடின் உப்பும் வழங்கச் செய்தார். அயோடின் உப்பு பெற்ற ஊர்களில் கழலை நன்றாகக் குறைந்தது. 1962இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கும் கழலைக் கட்டுப்பாடு என்றுதான் பெயர். அயோடின் குறைபாட்டின் எல்லாக் கேடுகளையும் தழுவிப் பெயர் மாற்ற முப்பது ஆண்டு பிடித்தது. மலேசியாவில் சரவாக்கின் சில பகுதிகளுக்கு அயோடின் உப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 1982இல் வந்தது. தீபகற்பத்துக்கு 2020ஐ ஒட்டித்தான். தாமதம் என்றே சொல்வேன்.

உப்பு வாங்கும்போது பொட்டலத்தில் அயோடின் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அப்படி அச்சிடாத கல்லுப்பும் இந்துப்பும் இந்த வேலைக்கு உதவாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்தால் அயோடின் குறைந்துகொண்டே போகும், மூடி போட்ட டப்பாவில் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்காக உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம், மிகையான அயோடினும் தைராய்டைக் கெடுக்கும். கர்ப்பிணிக்குத் தேவை 250 மைக்ரோகிராமாக உயர்கிறது. கல்யாணமான பெண் இருக்கும் வீட்டில், அவள் கருவுறும் வரை காத்திராமல் இன்றைக்கே உப்பை மாற்றிவிடுங்கள்.