மதுவிலக்குச் சட்டம் முதல் பிரிவு 37 வரை: சேலம் வட்டாரத்தை முன்வைத்துப் போதைப்பொருள் வழக்குகளில் பிணையின் வரலாறு

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அப்போது மாகாணப் பிரதமராக இருந்த இராஜாஜி, சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் புரிந்தவர். நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அச்சட்டம் கள், சாராயத்தோடு கஞ்சா முதலிய போதைப்பொருள்களையும் தன் வரம்புக்குள் கொண்டிருந்தது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. மேட்டூருக்குக் கீழே காவிரியே அன்று மாவட்ட எல்லை. கிழக்குக் கரை சேலம் மாவட்டம். மேற்குக் கரை கோவை மாவட்டத்துப் பவானி வட்டம். ஒரு கரையில் குற்றமாகிவிட்ட செயல் மறுகரையில் உரிமம் பெற்ற வணிகமாகத் தொடர்ந்தது.

அக்காலத்தில் பிணைக்கு அடிப்படையாக இருந்தது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். பிணையில் விடமுடியாத குற்றங்களிலும், மரண தண்டனைக்கோ ஆயுள் முழுவதும் நாடுகடத்தலுக்கோ உரிய குற்றத்தைச் செய்தவர் என நம்ப நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே குற்றவியல் நடுவர் பிணை வழங்கத் தடை இருந்தது (பிரிவு 497). ஐயத்திற்கான காரணத்தைக் காட்டும் பொறுப்பு அரசுத் தரப்பினது. 1973ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த அமைப்பைப் பெரிதும் பேணியது.

போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிணைக்கான இன்றைய கடுமை அதில் இல்லை. 1989 மே 29 முதல் செயலுக்கு வந்த திருத்தமே பிரிவு 37ஐ மாற்றியமைத்தது. அரசு வழக்குரைஞர் எதிர்த்தால், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், பிணைக்காலத்தில் அவர் குற்றம் புரியமாட்டார் என்றும் நீதிமன்றம் நிறைவு கொள்ள வேண்டும். 'குற்றவாளி' என்பதற்குக் கேட்கப்பட்ட காரணம் 'குற்றவாளி அல்லர்' என்பதற்குக் கேட்கப்படலாயிற்று. சாட்சி விசாரணை தொடங்குமுன்னரே இதை மெய்ப்பிப்பது எவ்வாறு என்ற வினாவிற்குச் சட்டத்தில் விடையில்லை. உயர் நீதிமன்றத்தின் பிணை அதிகாரத்தையும் இந்நிபந்தனை கட்டுப்படுத்தும் என 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைகளில் விசாரணைக் கைதிகள் தேங்கியதால், 1994இல் அதே நீதிமன்றம், குறைந்தது 10 ஆண்டுத் தண்டனைக்குரிய வழக்குகளில் 5 ஆண்டு காவலில் கழித்தவர்களை நிபந்தனைகளுடன் விடுவிக்க ஆணையிட்டது. அது அப்போது நிலுவையில் இருந்த வழக்குகளுக்கான ஏற்பாடு மட்டுமே.

2001 அக்டோபர் 2 முதல் தண்டனை, பொருளின் அளவைச் சார்ந்ததாயிற்று. கஞ்சாவிற்கு 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவிற்கு மேல் வணிக அளவு. மேட்டூர்ப் பகுதியில் 19 கிலோவுடன் பிடிபடுபவர் பொது விதிகளின்படி பிணை கோரலாம். 21 கிலோ எனில் பிரிவு 37 குறுக்கே நிற்கும். இதனால் பிணை விசாரணையே எடையைப் பற்றிய வழக்காடலாக மாறியது. பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளே சட்டப்படி கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வாரா. மூட்டையை அப்படியே நிறுத்தார்களா, பிரித்து நிறுத்தார்களா என்பதில் ஒருவரது பல ஆண்டு வாழ்க்கை அடங்கியிருக்கிறது. பிரிவு 52அ கூறுமாறு குற்றவியல் நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்கப்பட்டதா என்பதும் இவ்வாறே முக்கியமாயிற்று.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற இரு வழக்குகள் 2020 அக்டோபரில் இந்தக் கடுமையைச் சற்றே தளர்த்தின. வணிக அளவு வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் கெடு உண்டு. கெடு முடிந்த மறுநாள் காலையில் ஒருவர் பிணை மனு அளித்தார். வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் அன்றே பிற்பகலில் புகாரைத் தாக்கல் செய்தது. சிறப்பு நீதிமன்றம் பிணை வழங்க, சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம், மனு அளித்த கணத்திலேயே உரிமை நிலைத்துவிட்டது என்று கூறிப் பிணையை மீட்டளித்தது. மூன்று நாள் கழித்து, பிரிவு 67இன் கீழ் விசாரணை அதிகாரி பெறும் வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளலாகாது என இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் முடிவாயிற்று. உடன் குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தை மட்டுமே நம்பிக் கைதானோருக்கு இது பிணை மனுவின் முதல் வாதமாயிற்று.

காவலின் நீளம் குறித்தோ தெளிவு பிறக்கவில்லை. 2022இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, நீண்ட காவல் மட்டுமே பிணைக்குப் போதிய காரணம் ஆகாது என்றது. 2023 மார்ச்சில், ஏழாண்டுக்கு மேல் சிறையிலிருந்த ஒருவரின் கஞ்சா வழக்கில், இருவர் அமர்வு விசாரணைத் தாமதத்தைப் பிரிவு 37 மறைத்துவிடாது என்று கூறிப் பிணை அளித்தது. பிணை மனுவை முடிவு செய்யும் சிறப்பு நீதிபதியின் முன் இன்று இரு தரப்பினரும் ஆளுக்கொரு தீர்ப்பை நீட்டுகின்றனர்.