குருசடைத் தீவின் மூன்று கரைகள்

கடற்கரைன்னா நமக்கு மணல்தான் ஞாபகம் வரும். பாம்பன் பக்கத்தில் உள்ள குருசடை சின்னத் தீவுதான்; ஆனால் மணல், பவளப்பாறை, அலையாத்திச் சேறு என்று மூன்று விதக் கரை அதற்கு. சேற்றில் நண்டும் நத்தையும். பாறையில் கடல் சாமந்தியும் நட்சத்திர மீனும். மணலைத் தோண்டினால் பலனோகிளாசஸ் என்ற புழு. பார்க்கச் சாதாரணமா இருக்கும்; ஆனால் அதற்குச் செவுள் பிளவுகள் உண்டு. முதுகெலும்புள்ள நமக்கு அது தூரத்துச் சொந்தம்.

சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த கிரேவ்லி, இந்தக் கரை உயிர்களைப் பற்றி 1927இல் ஒரு தனி வெளியீடே கொண்டுவந்தார். அதே மன்னார் வளைகுடாவில்தான் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல வருஷம் வெட்டி எடுத்தார்கள். பாறைதான் அலையைத் தடுக்கும் வேலி. வேலி போனால் மணல் அரிக்கும். மணல் போனால் புழுவுக்கு வீடு ஏது?

1986இல் இங்குள்ள 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அவற்றில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. குருசடை இன்னும் மேலேதான் இருக்கு. அந்த 1927 வெளியீட்டோடு போனால், எந்தெந்த உயிர் மிச்சம் இருக்குன்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூழ்கின தீவுகளில் நின்று எண்ணக் கரையே இல்லை.