சூலியா தெருவும் லினக்ஸ் பொதிகளும்: நம் எழுத்து திரைக்கு வந்த கதை



'பொதி' என்னும் சொல்லைப் பினாங்கின் சூலியா தெருவில் நின்று சொன்னால் ஒரு பொருள். லினக்ஸ் கணினியின் முன் அமர்ந்து சொன்னால் இன்னொரு பொருள். 1786இல் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ் டவுனுக்கு அடிகோலிய பின்னர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே துணிப்பொதிகளை இறக்கினார்கள். அவர்களுக்குச் 'சூலியா' என்று பெயர். முன்பு மலபார் தெரு எனப்பட்ட தெரு, பின்னர் அவர்கள் பெயரையே பெற்றது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், நாகூர் தர்காவும் அந்த வரலாற்றின் சான்றுகளாக இன்றும் இருக்கின்றன.

லினக்ஸ் உலகில் பொதி என்பது, ஒரு மென்பொருளின் கோப்புகளை எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை. மூட்டையோடு ஒரு சீட்டும் வரும். மென்பொருளின் பெயர், பதிப்பெண், அது இயங்குவதற்கு முன்னரே கணினியில் இருக்க வேண்டிய பிற பொதிகளின் பெயர்கள் ஆகியவை அச்சீட்டில் இருக்கும். கடைசியாகச் சொன்னதைச் 'சார்பு' என்கிறோம். தமிழ் எழுத்து லினக்ஸ் திரையில் தோன்றுவதற்குப் பட்ட பாட்டை, இச்சீட்டின் வரலாறாகவே எழுதலாம் என்று தோன்றியது.

சீட்டு இல்லாத காலம்

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் முயற்சியை 1991 ஆகஸ்டு 25ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். தொடக்க காலத்தில் மென்பொருளை நிறுவுவதென்றால், மூல நிரலை எடுத்துவந்து தாமே தொகுத்துக்கொள்ள வேண்டும். 1993இல் வெளிவந்த சிலாக்வேர், கோப்புகளைச் சுருக்கிக் கட்டிக் கொடுத்தது; ஆயினும் எதற்கு எது தேவை என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை.

அதே 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். 1994இல் அதன் பொதிக்கருவியாகிய 'டிபிகேஜி' உருவாகத் தொடங்கியது. 1995இல் ரெட் ஹேட் நிறுவனத்தின் 'ஆர்பிஎம்' வந்தது. சீட்டைப் படித்துப் பார்த்து, "இது இல்லாமல் அதை நிறுவ இயலாது" என்று மறுக்கும் திறன் இக்கருவிகளுக்கு இருந்தது. மறுக்கத் தெரிந்த கருவிக்கு, வேண்டியதைக் கொண்டுவரத் தெரியவில்லை. ஒரு பொதியை நிறுவப் போனால் இரண்டு கேட்கும். அவ்விரண்டும் மேலும் மூன்றைக் கேட்கும். இந்நிலையைத்தான் கணினியர் 'சார்பு நரகம்' என்று அழைத்தனர்.

அதற்குத் தீர்வாக வந்தது 'ஆப்ட்'. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1இல் அது இடம்பெற்றது. களஞ்சியத்தின் பட்டியலைப் படித்து, ஒரு பொதிக்கு வேண்டிய அனைத்தையும் தானே கணக்கிட்டு, இறக்கி, உரிய வரிசையில் நிறுவும். ஃபெடோரா வழங்கலில் 2003 முதல் 'யம்' என்னும் கருவி அதே பணியைச் செய்தது. ஆனால், இரண்டுக்கும் நல்ல இணைய இணைப்பு வேண்டும்.

இணைய மையத்தில் கட்டிய பொதிகள்

அந்த இணைப்பு எங்களிடம் இல்லை. 2000களின் தொடக்கத்தில் என் வீட்டில் இருந்தது, 1515 என்ற எண்ணைச் சுழற்றிப் பெறும் தொலைபேசி வழி இணைப்பு. நொடிக்கு 56 கிலோபிட் என்னும் முழு வேகத்தில் ஓடினாலும், 650 மெகாபைட் கொண்ட ஒரு குறுவட்டை இறக்க 26 மணி நேரம் ஆகும். அந்த முழு வேகமோ ஒருநாளும் கிடைத்ததில்லை.

சூலியா தெருவில் அப்போது முதுகுப்பைப் பயணிகளுக்காக இணைய மையங்கள் பல இருந்தன. மலிவு விடுதிகளுக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கும் நடுவே இருந்த அம்மையங்களில் வேகம் கூடுதல். பள்ளிக்கு நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் ஆர்பிஎம் வகை வழங்கல் ஒன்றை நிறுவியிருந்தோம். அவற்றுக்கு வேண்டிய பொதிகளை அங்கே இறக்கி, நெகிழ்வட்டுகளில் பிரித்து எடுத்துவருவேன். ஒரு வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட், 6 மெகாபைட் பொதிக்கு ஐந்து வட்டுகள் வேண்டும். பள்ளிக்கு வந்து ஒட்டி நிறுவினால், கருவி இன்னொரு பொதியின் பெயரைச் சொல்லும். மறுநாள் மாலை மீண்டும் சூலியா தெரு. "வாத்தியாரே, இன்னும் எத்தனை வட்டு?" என்று மையத்துத் தம்பி சிரிப்பார்.

பக்கத்து இருக்கையில் ஒரு ஐரோப்பியப் பயணி தம் வீட்டுக்கு மடல் எழுதிக்கொண்டிருப்பார். அவர் எழுத்துகளுக்கு எந்தப் பொதியும் வேண்டியதில்லை. கணினி பிறக்கும்போதே அவை அதனுள் இருந்தன. நம் எழுத்தை மட்டும் மூட்டை கட்டித் தூக்கிவர வேண்டியிருந்தது. "ஐயா, என் பெயர் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது?" என்று மாணவி ஒருத்தி கேட்டபோது, சார்பு என்னும் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது.

மூன்று அறிகுறிகள்

தமிழ் சரியாகத் தெரியாமைக்கு மூன்று அறிகுறிகள் உண்டு. மூன்றும் வெவ்வேறு சார்பு விடுபட்டதைக் காட்டுவன. வரலாற்றின் வெவ்வேறு கட்டத்தைச் சேர்ந்தவையும்கூட.

*முதலாவது, ஐரோப்பிய எழுத்துக் குவியல்.* தலைமேல் புள்ளியும் கோடும் கொண்ட இலத்தீன் எழுத்துகள் வரிசையாக வரும். இது குறியாக்கச் சிக்கல். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டிலும், 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டிலும் இதைப் பற்றியே பெரிதும் பேசினார்கள். சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் குறியாக்கங்களை ஏற்றது. மறுபுறம், இணைய மடற்குழுவில் உலகத் தமிழர் கூடி உருவாக்கிய 'திஸ்கி' பரவியது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம், நம் நாட்டின் முத்து நெடுமாறன் முதலியோர் அதில் பங்கு கொண்டனர். 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

திஸ்கியில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு, அடுத்த 128 இடங்கள் தமிழுக்கு. அந்த மேற்பாதியைக் கணினி ஐரோப்பிய எழுத்தென்று எண்ணிவிட்டால் மேற்சொன்ன குவியல் தோன்றும். 2002இல் புரூனோ ஹைப்லே என்னும் நிரலாளர், லினக்ஸின் அடிப்படையான குனூ சி நூலகத்திற்குத் திஸ்கி மாற்றியை எழுதிக் கொடுத்தார். பழைய திஸ்கிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற இன்றும் அது பயன்படுகிறது.

*இரண்டாவது, வெற்றுக் கட்டங்கள்.* குறியாக்கம் சரி, எழுத்துரு இல்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2002இல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 8.0 ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவத்தை இயல்பாக்கியது. இருந்தும், தமிழ் எழுத்துருப் பொதி கணினியில் இல்லாவிடில் கட்டமே மிஞ்சும். என் மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

*மூன்றாவது, இடம் மாறிய கொம்பு.* 'கொடி' என்று எழுதினால் கொம்பு ககரத்திற்குப் பின்னே போய், புள்ளி வட்டத்தோடு நிற்கும். ஒருங்குறியில் ககரத்தை முதலிலும் ஒகரக் குறியைப் பின்னரும் சேமிக்கிறோம். திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். இவ்வாறு பிரித்து இடம் மாற்றி அமைக்கும் வேலையை எழுத்துரு மட்டும் செய்யாது. எழுத்தமைப்பு நூலகம் ஒன்று வேண்டும். குனோம் மேசைத்தளத்துக்கு 'பாங்கோ', கேடிஇக்கு 'கியூட்டி' எனத் தனித்தனி நூலகங்கள் அதைச் செய்தன. அதனால் ஒரே கணினியில் ஒரு மென்பொருளில் தமிழ் நேராகவும், இன்னொன்றில் கோணலாகவும் தெரிந்த காலம் உண்டு. பின்னர் 'ஹார்ஃப்பஸ்' என்னும் பொது நூலகம் பரவலானதும் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது.

பட்டியலில் நம் பெயர்

2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை மாறலாயிற்று. ரெட் ஹேட் நிறுவனம் 'லோகித்' எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. சங்கப் புலவர் பரணரின் பெயரைத் தாங்கிய ஓர் எழுத்துரு டெபியன் களஞ்சியத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த உபுண்டு, மொழி ஒவ்வொன்றுக்கும் தனி மொழிப்பொதி என்னும் முறையைக் கொண்டுவந்தது. குறுவட்டுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பும் அதன் திட்டம் 2011 வரை நடந்தது. நொடிக்கு 56 கிலோபிட் இணைப்பில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நம் நாட்டில் மாம்பு 2004 ஜூலையில் பொதுத்துறைக்கான திறமூலப் பெருந்திட்டத்தை அறிவித்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' வழங்கலை 2007இல் வெளியிட்டது.

என் பார்வையில் இவற்றுள் முதன்மையானது, 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0. அதுவரை டெபியனின் நிறுவல் நிரல் வெறும் எழுத்துத் திரையில் ஓடியது. அத்திரையில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரிவரக் காட்ட முடியாது. 4.0இல் வரைகலை நிறுவி வந்தது. அதன் வழியாகத் தமிழும் நிறுவல் மொழிகளுள் ஒன்றாயிற்று. தமிழைத் தெரிவு செய்தால், தமிழ்ப் பயனருக்கு வேண்டிய பொதிகளைச் சேர்த்தெடுக்கும் தொகுப்பும் டெபியனில் அமைந்தது. பிறருடைய மேசைக்கு வேண்டியவை பட்டியலாக இருந்ததைப் போல, நம் மேசைக்கு வேண்டியவையும் ஒரு சீட்டில் ஏறின. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் இரவு நேரங்களில் மொழிபெயர்த்த தொடர்கள் அவை. சூலியா தெருவுக்கு நான் நெகிழ்வட்டோடு நடந்த நடை, அந்தச் சீட்டு எழுதப்பட்ட பிறகே தேவையற்றுப் போனது.

இன்று நிறுவுவோர்க்குச் சில குறிப்புகள்

1. நிறுவலின் நடுவே மின்சாரம் தடைபட்டால், பாதியில் நின்ற பொதிகளை 'டிபிகேஜி' கருவியின் 'கன்ஃபிகர்' கட்டளையால் முடித்துவைக்கலாம். விடுபட்ட சார்புகளை 'ஆப்ட்' கருவியின் 'ஃபிக்ஸ்-புரோக்கன்' தெரிவு சரிசெய்யும்.

2. கட்டம் தெரிந்தால், முதலில் 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையால் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள். குறியாக்கத்தையும் அமைப்பு நூலகத்தையும் அதன் பிறகு ஐயுறலாம்.

3. ஆதரவு முடிந்த வழங்கல்களின் களஞ்சியங்கள் காப்பக முகவரிக்கு மாற்றப்படும். பழைய கணினியில் "களஞ்சியம் கிடைக்கவில்லை" என்று வந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே.

4. 32 பிட் கணினி வைத்திருப்போர் கவனிக்க: 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் அவ்வகைக் கணினிகளுக்கான நிறுவி இல்லை. 2023இல் வந்த டெபியன் 12 வரையே உண்டு. நன்கொடைக் கணினிகளை நம்பியிருக்கும் பள்ளிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்னும் எழுதப்படாத ஒரு சீட்டு

மொழியோடு நாட்டையும் சேர்த்துச் சொல்லும் குறிப்பை 'இடச்சூழல்' என்பர். நாணயம், தாள் அளவு, தொலைபேசிக் குறியீடு முதலியவற்றைக் கணினி அதிலிருந்தே அறியும். நான் இதுவரை நிறுவிய வழங்கல்களில் 'தமிழ் – இந்தியா', 'தமிழ் – இலங்கை' என்னும் தெரிவுகளைக் கண்டிருக்கிறேன். 'தமிழ் – மலேசியா' என்பதைக் கண்டதில்லை. இந்தியாவைத் தெரிவு செய்தால் மாணவரின் கணக்கேட்டில் ரிங்கிட்டுக்குப் பதில் ரூபாய் வரும். இடைக்காலத் தீர்வாக, மொழியைத் 'தமிழ் – இந்தியா' என்றும், நாணயம், தொலைபேசி முதலியவற்றை 'மலாய் – மலேசியா' என்றும் தனித்தனியே அமைத்துக்கொள்கிறேன்.

நிலையான தீர்வு நம் கையில்தான் இருக்கிறது. இடச்சூழல் என்பது வெறும் உரைக்கோப்பு. கிழமைப் பெயர்களையும் மாதப் பெயர்களையும் இருக்கும் தமிழ்க் கோப்பிலிருந்து அப்படியே பெற்றுக்கொள்ள வழியுண்டு. புதிதாக நிரப்ப வேண்டியவை ரிங்கிட், 60 என்னும் நாட்டுக் குறியீடு, முகவரி அமைப்பு போன்ற சில வரிகளே. அதை எழுதி நூலகத்தைப் பராமரிப்போருக்கு அனுப்பும் பணியில் சேர விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் எனக்கு எழுதுங்கள். வரைவு ஒன்றைத் தொடங்கிவிட்டேன். முகவரிப் பகுதியில் இருவர் சரிபார்த்தால் நன்றாக இருக்கும்.